க்ராஃப், ட்ராஃப் (ஆவணத்தை அச்சுக்கு வடிவமைக்கும் யூனிக்ஸ் நிரல்கள்) இல்லாத சிஸ்டத்தில் மாட்டியவர்கள் வாருங்கள், அனுபவம் சொல்லுங்கள்

மேசைவிளக்கு

இரண்டு வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். அலுவலகத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லா மேக்கையும் மேக்ஓஎஸ் 13-க்கு ஏற்றிவிட்டார்கள். அன்று மாலை வாடிக்கையாளருக்கு எங்கள் கருவியின் கையேடு பிடிஎஃப்-ஆகப் போக வேண்டும். எங்கள் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் மேன் பேஜ், அதாவது மேன் கட்டளை காட்டும் உதவிப் பக்கம், உண்டு. மேன் மைனஸ் டி கொடுத்தால் க்ராஃப் வழியாக போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுக்கான பக்க வடிவம்) வரும், அதை மேக்கின் ப்ரிவ்யூவுக்கு பைப் செய்தால் வேலை முடிந்தது, காலங்காலமாக அதே ஒரு வரிதான்.

அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ‘விச் க்ராஃப்’ அடித்தால் ‘நாட் ஃபவுண்ட்’. சரி, ஹோம்ப்ரூ என்ற நிறுவியில் க்ராஃபை இறக்கிக்கொண்டேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஜம்மென்று வந்தது. டபுள் கிளிக் செய்தால் இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்கிறது ப்ரிவ்யூ! அதே 13-இல் ப்ரிவ்யூவும் போஸ்ட்ஸ்கிரிப்ட்டைக் கைவிட்டிருந்தது. எழுதுகிறவனும் போய்விட்டான், படிக்கிறவனும் போய்விட்டான். மேனேஜர் பின்னால் வந்து நின்று, “ஒரு பிடிஎஃப்புக்கா இவ்வளவு நேரம்?” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பழைய டேப்

தம்பி, உங்களுக்கு இருந்ததை எடுத்தார்கள். எங்களுக்குக் கொடுக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு வங்கிக் கிளை, 386 பெட்டியில் ஒரு சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ். பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் ஓஎஸ் ஒரு கட்டு ஃப்ளாப்பி, கம்பைலர் தனிக் கட்டு, தனி விலை, என்ராஃப்-ட்ராஃப் (என்ராஃப் என்பது திரைக்கும் சாதாரண பிரிண்டருக்கும் வடிவமைப்பது) மூன்றாவது கட்டு. சிஸ்டம் ஃபைவ் நாளிலேயே ஏடி அண்ட் டி ட்ராஃபையும் அதன் கூட்டாளிகளையும் பிரித்து ‘டாக்குமென்டர்ஸ் ஒர்க்பெஞ்ச்’ என்று தனிச் சரக்காக்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1970-இல் பெல் லேப்ஸில் யூனிக்ஸுக்கு பிடிபி-11 கணினி வாங்கச் சொன்ன காரணமே காப்புரிமைத் துறைக்கு ஆவணம் தட்டச்சு செய்து தருகிறோம் என்பதுதான். எந்த வேலையைக் காட்டி மெஷின் வாங்கினார்களோ அதையே பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மேன் பேஜ்கள் முன்கூட்டியே ஃபார்மேட் ஆகி, அமுக்கப்பட்டு, ‘கேட்’ என்ற அடைவுகளில் (கோப்புறைகளில்) வரும். படிக்கலாம், புதிதாக ஒன்று செய்ய முடியாது. நாள் முடிவுக் கணக்கு ஸ்கிரிப்ட்டுக்கு நான் ஒரு மேன் பேஜ் எழுத நினைத்தேன். என்ராஃப் வாங்க மேலிடம் காசு தராது. அதனால் ஃபார்மேட் ஆன பக்கத்தை விஐ எடிட்டரில் கையாலேயே செய்தேன். தலைப்பு தடிமனாக வர வேண்டுமென்றால் எழுத்து, பேக்ஸ்பேஸ், மறுபடி அதே எழுத்து. ஒவ்வொரு பேக்ஸ்பேஸுக்கும் கன்ட்ரோல்-வி, கன்ட்ரோல்-ஹெச். டாட் மேட்ரிக்ஸில் போட்டேன். சாதாரண வரி சர்ரென்று ஓடியது. தலைப்பு வந்ததும் ஹெட் அதே எழுத்தின் மேல் திரும்பித் திரும்பிக் குத்த, சத்தமே மாறிப்போனது. ஃபோனில் இருந்த கிளை மேலாளர் ரிசீவரை மூடிக்கொண்டு, “பிரிண்டரை உடைக்கிறாயா?” என்றார். பக்கம் மட்டும் அச்சு அசலாக ஒரிஜினல் மேன் பேஜ் மாதிரியே இருந்தது.

நடுநிசி ஷிஃப்ட்

என்னுடையது சின்னது. ராத்திரி மூன்று மணி, புரொடக்‌ஷன் கன்டெய்னருக்குள் (தேவையான நிரல்கள் மட்டும் உள்ள தனிச் சிறு சிஸ்டம்) நுழைந்து, டார் கட்டளையின் பக்கத்துக்காக ‘மேன் டார்’ அடித்தேன். வந்த பதில்: பயனர்கள் உள்ளே நுழையாத சிஸ்டம் என்பதால் தேவையற்றவை நீக்கப்பட்டுள்ளன, வேண்டுமென்றால் ‘அன்மினிமைஸ்’ ஓட்டிக்கொள்ளுங்கள். பயனர் உள்ளே நுழைய மாட்டாராம். அப்போ நான் யார்?

வால்நட்

மேசைவிளக்குக்கு: இது ஏதோ திடீர்க் கொள்ளை மாதிரி எழுதியிருக்கிறீர்கள், இல்லை. ஓபன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை 2010-லேயே க்ராஃபை பேஸிலிருந்து, அதாவது ஓஎஸ்ஸோடு வரும் அடிப்படைத் தொகுப்பிலிருந்து, எடுத்தது. ஃப்ரீபிஎஸ்டி தன் 12-ஆம் பதிப்பில், அதாவது 2018-இல், எடுத்தது. உங்கள் மேக்கில் அதுவரை இருந்ததும் க்ராஃப் 1.19.2, 2005 வாக்கில் வந்த சரக்கு. அதற்கப்புறம் க்ராஃப் ஜிபிஎல் 3 என்ற உரிமத்துக்குப் போனது, பேஸுக்குள் புதுசை இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இந்தக் கடைசி வரி என் யூகம்தான், ஆனால் தேதிகளைப் பாருங்கள்.

எடுத்துவிட்டு இடத்தைக் காலியாகவும் விடவில்லை. மேன் பேஜை வடிவமைக்கும் மேன்டாக் இருக்கிறது. மேன் மைனஸ் டபிள்யூ கொடுத்தால் பக்கம் எந்தக் கோப்பில் இருக்கிறதென்று சொல்லும், அந்தக் கோப்பை மேன்டாக் மைனஸ் டி பிடிஎஃப்-க்குக் கொடுத்தால் நேராக பிடிஎஃப். நடுவில் போஸ்ட்ஸ்கிரிப்ட் வேலையே இல்லை. எனக்கு மேன்டாக் பிடித்துப்போனது வேறு காரணத்துக்காக: ஹோம் என்ற சூழல் மாறியைப் பற்றிப் பேசும் பக்கங்களை மட்டும் அப்ரோபோஸ் என்ற தேடல் கட்டளையில் தேடினேன், ‘ஈவி’ என்ற குறியைப் போட்டு. அது வெறும் சொல்லைத் தேடவில்லை, சூழல் மாறி என்று குறிக்கப்பட்ட இடங்களை மட்டும் எடுத்துக் கொடுத்தது. க்ராஃபில் இதெல்லாம் ஏது?

ஈயெழுத்து

வால்நட் சார், மேன் பேஜ் மட்டும்தான் உலகமா? மேன்டாக்குக்கு மேன் மேக்ரோ (பக்க அமைப்புக் கட்டளைகளின் தொகுப்பு) தெரியும், மேன் பேஜுக்கான இன்னொரு மேக்ரோவான எம்டாக் தெரியும், டேபிள், கொஞ்சம் ஈக்வேஷன் தெரியும். கட்டுரைக்கான எம்எஸ் மேக்ரோ தெரியாது, படம் வரையும் பிக் தெரியாது. ட்ராஃபில் கட்டுரை எழுதுகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

என் ஆய்வுக் குறிப்புகள் முழுக்க எம்எஸ்ஸில். கல்லூரியில் புதிதாக டெபியன் லினக்ஸ் போட்ட மெஷினில் உட்கார்ந்து, க்ராஃபுக்கு மைனஸ் எம்எஸ் கொடுத்தேன். ‘எஸ் என்ற மேக்ரோ கோப்பைக் காணோம்’ என்றது. எஸ்ஸா? என்ன எஸ்? அதன் கணக்கில் மைனஸ் எம் ஒரு ஆப்ஷன், மிச்சமிருக்கும் எஸ் மேக்ரோவின் பெயர். அப்புறம்தான் விளங்கியது, டெபியனில் க்ராஃப்-பேஸ் என்று ஒன்று, முழு க்ராஃப் என்று இன்னொன்று. மேன் பேஜ் காட்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பேஸில். கட்டளையும் இருக்கிறது, வெர்ஷன் கேட்டால் கம்பீரமாகச் சொல்கிறது, உள்ளே பாதியைக் காணோம். இல்லவே இல்லை என்றால்கூட எனக்குச் சீக்கிரம் புரிந்திருக்கும்.

வால்நட்

டெபியனின் நிறுவியான ஆப்ட்டில் ஒரு வரி. அதற்கு இவ்வளவு கோபமா?

ஈயெழுத்து

நிறுவத் தேவையான ரூட் பாஸ்வேர்டு லேப் அசிஸ்டென்டிடம். அவர் லீவு.

ஒழுங்குக்காரன்

எனக்கும் ஒரு தடவை நடந்தது, பெரிதாக ஒன்றுமில்லை, அதை விடுங்கள். இனிமேல் மாட்டாமல் இருக்க வழி சொல்கிறேன். மேன் பேஜ் எழுதுகிறவர்கள் எம்டாக்கில் எழுதுங்கள், மேன்டாக், க்ராஃப் இரண்டும் படிக்கும். கமிட் செய்யும் முன் மேன்டாக் மைனஸ் டி லின்ட் ஓட்டுங்கள், நீங்கள் கவனிக்காத குப்பையெல்லாம் வெளியே வரும். எழுத்துருவை மாற்ற \எஃப் குறிகளை (எஸ்கேப்) வரிக்கு வரி தூவாதீர்கள், அதற்குத்தான் மேக்ரோ. பிடிஎஃப் வேண்டுமென்றால் யாருடைய லேப்டாப்பையும் நம்ப வேண்டாம். சிஐ-யில் (தானாக பில்ட் செய்யும் சர்வரில்) முழு க்ராஃபை நிறுவி, வெர்ஷனைப் பூட்டி, அங்கே உருவாக்குங்கள். ஓஎஸ்ஸோடு வருகிறது என்பதற்காக எதையும் பில்ட் ஸ்கிரிப்ட்டில் சேர்க்காதீர்கள், தேவையானதைப் பட்டியலில் பெயர் சொல்லி எழுதுங்கள். தமிழில் கையேடு போடுகிறவர்கள் இந்த வழிக்கே வராதீர்கள். க்ராஃபின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வெளியீட்டில் தமிழ் எழுத்துரு கிடையாது, ‘க’ போட்டால் யூ0பி95 (‘க’வின் யூனிகோட் எண்) என்ற சிறப்பெழுத்தைக் காணோம் என்று எச்சரித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடும். ஸீடெக் (XeTeX) என்ற அச்சு வடிவமைப்பு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள், கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும். இன்னொன்று, பழைய எம்எஸ் கோப்பு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு பிடிஎஃப் நகல் எடுத்து வையுங்கள்...

நடுநிசி ஷிஃப்ட்

அண்ணே, அனுபவம் கேட்டார்கள்.

பழைய டேப் ஐயா, ஒரு சந்தேகம். கையால் போட்ட அந்த பேக்ஸ்பேஸ் எல்லாம் திரையில் எப்படித் தெரிந்தது?

பழைய டேப்

திரையில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது தம்பி. டெர்மினல் ஒரு எழுத்தைக் காட்டும், ஒரு இடம் பின்னால் போகும், அதே எழுத்தை அதன் மேலேயே காட்டும். பார்ப்பவனுக்கு அது சாதாரண எழுத்துதான். விஐ-யில் திறந்தால்தான் எழுத்துக்கு எழுத்து தொப்பி-ஹெச் (^H, பேக்ஸ்பேஸின் குறி) என்று புல் முளைத்திருக்கும். கோப்பைச் சுத்தமாக யாருக்காவது தர வேண்டுமென்றால் ‘கால்’ என்ற கட்டளைக்கு மைனஸ் பி கொடுத்து அதன் வழியாக அனுப்புவேன், அது எல்லாவற்றையும் சீவிவிடும். இப்போதும் வால்நட் சொல்லும் மேன்டாக்கின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு விஐ-யில் திறந்து பாருங்கள், தடித்த எழுத்து இருக்கும் இடமெல்லாம் அதே தொப்பி-ஹெச்தான். பக்கம் பக்கமாகத் திரையில் காட்டும் லெஸ் அதைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தடிமனாகக் காட்டுகிறது.