ஜிடிபி (GDB, புரோகிராமில் பிழை தேடும் டீபக்கர்) ப்ராம்ப்ட்டில் நிறம் சேர்த்தால் கமாண்ட் வரி குழம்புகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் கன்ட்ரோல் போர்டுக்கு சி புரோகிராம் எழுதுகிறேன். ஏழெட்டு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஓடுவதால், டீபக் செய்யும்போது எந்த த்ரெட்டில், எந்த ஃபங்ஷனில் நிற்கிறோம் என்பதே மறந்துவிடுகிறது. அதை ப்ராம்ப்ட்டிலேயே, அதாவது ஜிடிபி கமாண்ட் கேட்கும் வரியின் தொடக்கத்திலேயே, காட்டலாம் என்று பைதானில் ப்ராம்ப்ட் ஹூக் (ஒவ்வொரு முறையும் ப்ராம்ப்ட்டை உருவாக்கித் தரும் ஃபங்ஷன்) எழுதி, ஜிடிபி தொடங்கும்போது படிக்கும், ஹோம் ஃபோல்டரில் உள்ள இனிட் ஃபைலில் வைத்தேன்.

பாதி வேலை முடிந்தது. ரன் கொடுக்கும் முன் ஃப்ரேமே (நிற்கும் ஃபங்ஷனின் விவரம்) இருக்காது, கேட்டால் எரர் வரும். அதை ட்ரை எக்செப்ட்டில் பிடித்து வெறும் 'ஜிடிபி' என்று காட்ட வைத்தேன். சிம்பல் (ஃபங்ஷன் பெயர் விவரம்) இல்லாத லைப்ரரிக்குள் போனால் ஃபங்ஷன் பெயருக்குப் பதில் 'None' வருகிறது, அதற்கும் ஒரு இஃப் போட்டாயிற்று.

சிக்கல் நிறத்தில்தான். த்ரெட் எண்ணுக்குப் பச்சை கொடுத்தேன். அப்புறம் மேல் அம்புக்குறி அழுத்திப் பழைய நீளமான கமாண்டை எடுத்தால், கர்சர் தள்ளி நிற்கிறது, எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. நிறக் குறியீடுகளையும், கமாண்ட் வரியைக் கையாளும் ரீட்லைன் லைப்ரரி திரையில் தெரியும் எழுத்தாக எண்ணுகிறது என்று நினைக்கிறேன். 'செட் எக்ஸ்டெண்டட் ப்ராம்ப்ட்' கட்டளையில் நிறக் குறியீடுகளை ரீட்லைன் எண்ணாதபடி மறைக்க வழி இருக்கிறது. ஆனால் அதுவும் உள்ளே இதே ஹூக்கைத்தான் பிடிக்கிறது, கடைசியாக வைத்தது மட்டுமே நிற்கும்.

என் ஹூக்கிலேயே நிறக் குறியீட்டின் முன்னும் பின்னும் 1, 2 என்ற எண்ணுள்ள கன்ட்ரோல் எழுத்துகளை (திரையில் தெரியாதவை) சேர்த்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் இரண்டு வரி புரோகிராம் எழுதிக் காட்டினால் உதவியாக இருக்கும். உபுண்டு 22.04, ஜிடிபி 12.1.