சியோலில் என் தோழி செய்துகொண்ட இமை மடிப்புச் சிகிச்சை

செய்துகொண்டது நான் அல்ல, சியோலில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கொரியத் தோழி. கூடப் போனவள் நான். யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அவளுக்கு மேல் இமையில் மடிப்பு கிடையாது. தினமும் காலையில் பிறை வடிவ ஒட்டுப்பட்டையை இமைமேல் வைத்து, கவை மாதிரி இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குச்சியால் அழுத்தி மடிப்பை வரவழைப்பாள். மழையில் நனைந்தால் பிய்ந்து வந்துவிடும். ஒட்டி ஒட்டி இமைத்தோலே சிவந்துபோயிருந்தது. நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரே பிள்ளைகளுக்கு இந்தச் சிகிச்சையைப் பரிசாகச் செய்துவைப்பது அங்கே சகஜம். இவள் வீட்டில் அப்போது வசதிப்படவில்லை. வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில்தான் செய்துகொண்டாள்.

கத்தி வைக்காத முறை அது. கொரிய மொழியில் 'மேமொல்' என்பார்கள், புதைப்பது என்று பொருள். இமையில் ஊசிமுனை அளவுக்குத் துளை போட்டு, தலைமுடி போன்ற நைலான் இழையால் தோலை உள்ளே இமையைத் தூக்கும் தசையோடு இணைத்து, முடிச்சையும் உள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். கண்ணைத் திறந்தால் தசையோடு தோலும் உள்ளே போய் மடிப்பு விழுகிறது. தையல் பிரிக்க வேண்டியதில்லை. இந்த யோசனை புதிதும் இல்லை; ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் 1896-லேயே இழை முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலித்தது என்றாள். நடுவில் எழுந்து உட்காரச் சொல்லி, கண்ணைத் திறந்து மூடச் சொல்லி, இரண்டும் ஒரே உயரமா என்று பார்த்தார்களாம். வெளியே வரும்போது இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. கையைப் பிடித்து அப்குஜொங் ரயில் நிலையப் படிகளில் மெல்ல இறக்கிக் கூட்டிவந்தேன். அப்புறம் குளிர் ஒத்தடம், உயரத் தலையணை, வீக்கம் வடிய அவள் அம்மா அனுப்பிய பூசணிச் சாறு. மூன்றாவது வாரம், பட்டை ஒட்டாமல் கண்ணாடி முன்னால் நின்றவள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

ஒன்றரை வருஷத்தில் இடது கண் மடிப்பு மங்கி, மறைந்தே போனது. இழை தளர்ந்துவிட்டது. வேறொரு மருத்துவர் இமையைக் கிள்ளிப் பார்த்து, "தடித்த இமை, கொழுப்பும் இருக்கிறது, இதற்கு இழை தாங்காது, கீறிச் செய்திருக்க வேண்டும்" என்றார். முதல் இடத்தில் யாரும் இதைச் சொல்லவே இல்லை. அங்கே முக்கால் மணி நேரம் எங்களோடு பேசியது ஆலோசகர்தான். பேச்செல்லாம் விலை, மூக்கையும் சேர்த்துச் செய்தால் தள்ளுபடி. மருத்துவர் வந்து பார்த்தது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போகிறவர்கள் தயவுசெய்து மருத்துவரிடமே கேளுங்கள்: என் இமைத் தடிமனுக்கு இழை போதுமா? தளர்ந்தால் திரும்பப் போட்டுத் தருவீர்களா? கண் உறுத்தல் குறையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், இழை உள்பக்கம் குத்தினால் கருவிழியில் கீறல் விழும்.

தோழி இன்னும் முடிவு எடுக்கவில்லை. இடது கண்ணுக்கு மட்டும் பழையபடி பட்டை ஒட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள்.