24 அங்குலத்திலிருந்து பெரிய மானிட்டருக்கு மாறியவர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர்:

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மேசையில் இருந்த 24 அங்குல மானிட்டரை ஓரங்கட்டிவிட்டு, 32 அங்குலத்தில் புதியது ஒன்றை வாங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. பகலில் எட்டு மணி நேரம் எக்செல் கணக்குகளும் மின்னஞ்சலும், இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் கார்ப் பந்தயமும் கதையோடு போகும் நீண்ட கேம்களும் என்று என் நாள் முழுவதும் ஒரே திரையின் முன்தான் கழிகிறது. பெரிதாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்ற ஒரே கணக்கில் வாங்கினேன். அந்தக் கணக்கு எங்கே சரியாக வந்தது, எங்கே உதைத்தது என்பதைச் சொல்கிறேன். பெரிய திரைக்கு மாறிய மற்றவர்களும் எழுதினால் இனி வாங்கப்போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

முதல் ஏமாற்றம் எழுத்துகளில் வந்தது. பழையது 1080பி, புதியது 1440பி, அதாவது திரையில் மேலிருந்து கீழாக அத்தனை பிக்சல் (புள்ளி) வரிசைகள். ஆகவே எழுத்து கூர்மையாகிவிடும் என்று நம்பினேன். எல்லாவற்றையும் இணைத்து, முந்தைய நாள் வேலை பார்த்த கோப்பையே திறந்து பார்த்தால், எழுத்து அப்படியே இருந்தது. பிறகுதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 24 அங்குலம் 32 ஆவதும் 1080 வரிசைகள் 1440 ஆவதும் மூன்றுக்கு நான்கு என்ற ஒரே விகிதம். ஆகையால் ஓர் அங்குலத்துக்குப் பழையதிலும் சுமார் 92 பிக்சல், புதியதிலும் சுமார் 92 பிக்சல். எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது இடம் மட்டுமே. இடமும் வேண்டியதுதான்: முன்பு பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திப் பார்த்த அட்டவணை இப்போது ஒரே பார்வையில் முழுதாகத் தெரிகிறது, பக்கத்திலேயே மின்னஞ்சலும் திறந்திருக்கிறது. ஆனால் நான் காசு கொடுத்தது கூர்மைக்காக.

அடுத்தது கழுத்து. என் மேசையின் ஆழம் 60 செ.மீ. மானிட்டரோடு வந்த ஸ்டாண்டு அதில் ஏறத்தாழ 25 செ.மீ.யை விழுங்கிவிட, 70 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட திரை என் முகத்துக்கு அரை மீட்டர் தொலைவில் வந்து நின்றது. கார்ப் பந்தயத்தில் அது சுகம். சாலை கண்ணை நிறைக்கும். மற்ற கேம்களில் மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் போதவில்லை, தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு மேலே இருந்ததால் பகல் முழுவதும் சற்று அண்ணாந்தபடியே வேலை பார்த்திருக்கிறேன் என்பது மூன்றாவது வாரம் பிடரி வலித்தபோதுதான் புரிந்தது. மானிட்டரின் பின்புறம் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தன. மேசை விளிம்பைக் கவ்விக்கொள்ளும் மானிட்டர் ஆர்ம் ஒன்றை அதில் பொருத்தி, திரையைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி, மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்கு இறக்கினேன். தொலைவு 70 செ.மீ.க்கு அருகில் வந்தது. வலி இரண்டு வாரங்களில் விட்டது.

இன்னொன்று, என்னுடையது விஏ வகைத் திரை. இன்னொரு வகையான ஐபிஎஸ் திரைகளின் கான்ட்ராஸ்ட் (வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள ஒளி விகிதம்) பொதுவாக 1000:1 அளவில் இருக்க, விஏ 3000:1 அளவில் தரும் என்பதால் கருமைக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். இருண்ட குகைக் காட்சிகள் உண்மையிலேயே இருட்டாகத் தெரிகின்றன. ஆனால் அதே குகைக்குள் கேமராவைச் சட்டென்று திருப்பினால், ஈர மையை விரலால் இழுத்தது போலக் கரும்பகுதிகள் பின்னால் தேய்ந்து வருகின்றன. பிக்சல்களின் நிற மாற்றத்தை விரைவாக்கும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்தால் அந்த இழுப்பு குறைந்து, பொருள்களைச் சுற்றி வெளிறிய நிழல் ஒன்று முளைக்கிறது. நடுநிலையில் வைத்துத்தான் விளையாடுகிறேன். பெட்டியின் மேல் ‘1 மில்லிசெகண்ட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறும்போது என்பதை அச்சிடவில்லை.

இரண்டாமவர்:

என் அனுபவம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தக்கது அன்று. 27 அங்குலம், 1440பி, 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 முறை படத்தை மாற்றும்) மானிட்டர் ஒன்றை வாங்கி, ஏழு மாதங்கள் அதை 60 ஹெர்ட்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுத்து கூர்மையாக இருந்ததால் (27 அங்குலத்தில் 1440பி என்றால் அங்குலத்துக்கு 109 பிக்சல் அளவில் வரும்) வேறு எதையும் சந்தேகிக்கத் தோன்றவில்லை. விடுமுறைக்கு வந்த அக்கா மகன் மவுஸைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, “மாமா, இது இன்னும் அறுபதிலேதானே ஓடுகிறது?” என்று கேட்டான். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. அதிலும் 165 என்ற எண்ணே பட்டியலில் இல்லை; ஏனென்றால் பழைய கணினியில் செருகியிருந்த எச்டிஎம்ஐ 1.4 கேபிளையே எடுத்துப் புதியதிலும் மாட்டியிருந்தேன். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டிக்குள்ளேயே பிரிக்கப்படாமல் கிடந்தது. அதை மாற்றியதும் 165 தோன்றியது.

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்டு நிற்கும். 165இல் சுமார் 6 மில்லிசெகண்டுதான். கேமில் இதன் பயன் தெரியும் என்பது எல்லோரும் சொல்வது. நான் எதிர்பாராதது வேறு: நீண்ட கட்டுரையை உருட்டியபடி படிக்கும்போது, முன்பெல்லாம் நிறுத்தினால்தான் தெரிந்த வரி இப்போது நகரும்போதே படிக்க வருகிறது. அன்றாட வேலைக்கு 60 ஹெர்ட்ஸே போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு இப்போது உடன்பாடு இல்லை.

மூன்றாமவர்:

27 அங்குலத்தில் 1080பி வாங்கிவிடாதீர்கள். அங்குலத்துக்கு 82 பிக்சல்கூடத் தேறாது. சல்லடை வழியாகப் படிப்பது போல இருந்தது. இப்போது அதைக் கேமரா காட்சி பார்க்கும் இரண்டாம் திரையாக வைத்திருக்கிறேன்.

நான்காமவர்:

தொடங்கியவர் எதிர்பார்த்த கூர்மை 32 அங்குலத்தில் 4கே (3840க்கு 2160 பிக்சல்) எடுத்தால்தான் வரும். என்னிடம் அதுதான் இருக்கிறது. அங்குலத்துக்கு ஏறத்தாழ 138 பிக்சல். தமிழில் நிறையப் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களைவிட அதிகமாகத் தெரியும் என்று நினைக்கிறேன். பழைய திரையில் சிறிய எழுத்தில் மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோலக் குழம்பி, சொல்லைப் பார்த்து எழுத்தை ஊகிக்க வேண்டியிருந்தது, இதில் சுழிகள் தனித்தனியே நிற்கின்றன. விண்டோஸில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேல் அளவை 150 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் திரையில் கிடைக்கும் இடம் 1440பி மானிட்டரில் கிடைப்பதுதான், அதாவது தொடங்கியவரிடம் இருக்கும் அதே இடம். எழுத்து மட்டும் கூர்மை.

இதற்கான விலையைக் கிராபிக்ஸ் கார்டு கொடுக்கிறது. 1080பி என்பது சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி சுமார் 36.9 லட்சம், 4கே சுமார் 82.9 லட்சம். 1440பியில் நொடிக்கு 90 ஃபிரேம் (படம்) வந்த கேம் 4கேயில் 45க்கு இறங்கியது. சரி, கேமை மட்டும் 1440பியில் ஓட்டுவோம் என்று முயன்றால், 4கே திரையில் அது ஒன்றரை மடங்காக விரிய வேண்டியிருப்பதால் லேசாக மங்குகிறது. 1080பி என்றால் சரியாக இரண்டு மடங்கு என்பதால் கணக்கு ஒத்துவரும், ஆனால் விவரங்கள் போய்விடும். கடைசியில் டிஎல்எஸ்எஸ் வசதி (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கித் தரும் என்விடியா நுட்பம்) உள்ள கேம்களில் அதைப் பயன்படுத்தி, நிழல்களின் தரத்தை ஒரு படி குறைத்து விளையாடுகிறேன். ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்ததால் தப்பித்தேன். முன்பு இந்த வசதிக்காக என்விடியா கார்டுக்கு அந்த நிறுவனத்தின் ஜி-சிங்க் நுட்பம் உள்ள தனி மானிட்டர் தேட வேண்டியிருந்தது, 2019 ஜனவரிக்குப் பிறகு ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் நுட்பம் உள்ள பல மானிட்டர்களிலும் அது வேலை செய்கிறது. ஆனால் என் மானிட்டரில் அந்த வசதி 48 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஒழுங்காக நடக்கிறது.

ஐந்தாமவர்:

மானிட்டருக்குப் பதில் 43 அங்குல 4கே தொலைக்காட்சியை மேசையில் ஏற்றிய ஆள் நான். முதல் நாள், நீலப் பின்னணியில் இருந்த சிவப்பு எழுத்துகளின் ஓரமெல்லாம் சாயம் கரைந்தது போலத் தெரிந்தன. தொலைக்காட்சிகள் பல நேரங்களில் நிறத் தகவலை முழுமையாகக் காட்டாமல் சுருக்கிக் காட்டும். படம் பார்க்கையில் அது உறைக்காது, எழுத்தில் உடனே உறைக்கும். உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றியதும் எழுத்து சரியானது. கேம் மோடைப் போட்டதும் மவுஸின் தாமதமும் குறைந்தது. இவ்வளவு செய்தும், கை நீட்டும் தொலைவில் அதன் மேல்பாதியை நான் பயன்படுத்தவே இல்லை. எல்லா ஜன்னல்களையும் கீழ்ப்பாதியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அது கூடத்தில் கேம் கன்சோலோடு இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. கன்சோலையும் மானிட்டரில் இணைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2020இல் வந்த ப்ளேஸ்டேஷன் 5, 1440பி வெளியீட்டை 2022இல்தான் தரத் தொடங்கியது. அதை இன்னும் அப்டேட் செய்யாமல் வைத்திருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ஆறாமவர்:

34 அங்குல அகலத்திரை, 3440க்கு 1440. எண்ணைப் பார்த்து 32ஐவிடப் பெரியது என்று நினைத்து வாங்கினேன். உயரம் 27 அங்குல மானிட்டரின் உயரமே. கூடியது பக்கவாட்டில் மட்டும், ஏறத்தாழ 80 செ.மீ. அகலம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் மேசையில் இடமில்லாமல் போனது. இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடும் வேலைக்கு இதற்கு இணை இல்லை, அகலத்திரைப் படங்களும் கறுப்புப் பட்டை இல்லாமல் நிறைகின்றன. பழைய கேம்கள் சில இருபுறமும் பட்டை விட்டே ஓடுகின்றன. அலுவலகக் கூட்டத்தில் முழுத் திரையையும் பகிர்ந்தால் எதிரில் மடிக்கணினியில் பார்ப்பவர்களுக்கு எழுத்து எறும்பாகத் தெரிகிறதாம். எனவே ஒரு ஜன்னலை மட்டும் பகிர்கிறேன். வளைவு 1500ஆர், அதாவது ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. முதல் வாரம் எக்செல் கோடுகள் வளைந்து தெரிந்தன, பிறகு கண் பழகிவிட்டது.

ஏழாமவர்:

ஓஎல்இடிக்கு மாறியதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் ஒரு மனக்குறையும் உண்டு. முன்பு வைத்திருந்த ஐபிஎஸ் மானிட்டரில் டிஸ்ப்ளே எச்டிஆர் 400 முத்திரை இருந்தது. வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்ட வேண்டிய எச்டிஆரைப் போட்டால் காட்சி வெளுத்துப் போனதே தவிர வேறு மாற்றம் இல்லை. அந்த முத்திரைக்கு 400 நிட்ஸ் உச்ச ஒளி போதும், இருண்ட பகுதிகளில் மட்டும் பின்னொளியைத் தனியாகக் குறைக்கும் ஏற்பாடு கட்டாயமில்லை என்பதைப் பிறகு அறிந்தேன். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே உடனுக்குடன் ஒளிர்ந்து அணையும் என்பதால் தொடங்கியவர் சொன்ன மை இழுப்பு இல்லை, இரவுக் காட்சிகள் கொள்ளை அழகு. மனக்குறை பகலில். என் திரையின் துணைப் பிக்சல்கள் (ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் தனி நிறப் புள்ளிகள்) வழக்கமான வரிசையில் இல்லாததால் கறுப்பு எழுத்தின் விளிம்பில் மெல்லிய நிறக் கசிவு தெரிகிறது. நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்கும் எக்செல் பட்டை தழும்பாகப் பதிந்துவிடுமோ என்ற அச்சத்தில் டாஸ்க்பாரை மறைத்து, பின்னணியைக் கறுப்பாக்கி, எழுந்து போகும்போதெல்லாம் திரையை அணைத்துக்கொண்டிருக்கிறேன். எட்டு மணி நேரக் கணக்கு வேலைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எட்டாமவர்:

32 அங்குலம் வாங்கி ஒரு மாதத்தில் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். நான் ஆடுவது துப்பாக்கிச் சண்டை ஆட்டம். திரை முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்க வேண்டும். 24.5 அங்குலம், 240 ஹெர்ட்ஸுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்து வாங்குமுன் ஒன்று செய்யுங்கள்: பழைய அட்டைப் பெட்டியை 32 அங்குலத்துக்கு 70க்கு 40, 27 அங்குலத்துக்கு 60க்கு 34 செ.மீ. என்று வெட்டி, திரை நிற்கும் இடத்தில் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்.

தொடங்கியவர்:

அனைவருக்கும் நன்றி. எட்டாமவர் சொன்னபடி நேற்று 27 அங்குல அளவில் அட்டையை வெட்டி, 32இன் முன்னால் பிடித்து அளவைக் குறித்துக்கொண்டு, அட்டையை எடுத்துவிட்டு, மீந்த ஓரங்களை மட்டும் காகிதத்தால் மறைத்துப் பார்த்தேன். மூலை வரைபடம் கண்ணுக்குள் வந்துவிடும் என்பது தெரிந்தது. ஆனால் என் அட்டவணையில் வலப்பக்கம் நான்கு பத்திகள் மறைந்துவிட்டன. அந்த நான்கில்தான் என் மொத்தக் கணக்கும் இருக்கிறது. எனவே அளவை மாற்றப்போவதில்லை. நான்காமவர் சொன்ன 4கே பற்றி யோசிக்கிறேன், அதற்கு முன் கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டாமவர் எழுதியதைப் படித்துவிட்டு என் திரையின் ஹெர்ட்ஸையும் பார்த்தேன். நான்கு மாதங்களாக 60.