மறு: ஸ்டேபிள்காயினுக்கு ‘நிலைக்காசு’ சரிதானா?

வணக்கம் நண்பர்களே,

ஸ்டேபிள்காயினுக்கு, அதாவது டாலர் போன்ற ஒரு பணத்துக்குச் சமமாகவே விலை நிற்கும் என்று சொல்லி வெளியிடப்படும் மின்காசுக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> நிலைக்காசு என்றே வைத்துவிடலாம். சின்னச் சொல், பார்த்ததும் புரிகிறது. இதற்கு மேல் ஏன் இழுக்க வேண்டும்?

இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காசு என்ற பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. நாணயம் என்று வைத்தால் தமிழில் நேர்மை என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், ஏதோ ஒரு தனியார் நிறுவனம் வெளியிடும் மின் வில்லைக்கு (டோக்கன்) நாமே நற்சான்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ‘நிலை’யும் அதே இடத்தில்தான் இடிக்கிறது. விலை ஆடாமல் நிற்கும் என்பது விற்பவர் கொடுக்கும் வாக்கு, அதைப் பெயரிலேயே பதித்துவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது?

2022 மே மாதத்தில் டெர்ரா யுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின் என்ன ஆனது என்று பாருங்கள். எப்போதும் ஒரு டாலர் என்று சொல்லி விற்றார்கள், சில நாள்களிலேயே இருபது சென்டுக்கும் கீழே போனது, அதோடு பிணைந்திருந்த லூனா என்ற மின்காசையும் சேர்த்தால் ஏறக்குறைய 4,000 கோடி டாலர் மதிப்பு கரைந்தது. அதை நிலைக்காசு என்று எழுதினால் வாசிப்பவர் சிரிப்பார்.

சரி, அது பின்னால் டாலர் இருப்பு ஒன்றும் இல்லாமல் கணக்குச் சூத்திரத்தை நம்பி ஓடியது, அதை விடுங்கள் என்பீர்கள். ஒழுங்காக டாலர் இருப்பு வைத்திருந்த யுஎஸ்டிசி என்ற இன்னொரு ஸ்டேபிள்காயினை எடுத்துக்கொள்வோம். 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியை மூடினார்கள். யுஎஸ்டிசிக்கு ஆதாரமாக இருந்த பணத்தில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் மாட்டிக்கொண்டது, மொத்த இருப்பில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு சுமாருக்குத்தான் வரும். ஆனால் மறுநாள் சனிக்கிழமை, வங்கிகள் மூடியிருக்கின்றன, காசைக் கொடுத்து டாலரைத் திரும்ப வாங்க வழியில்லை, சந்தையோ இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது. விலை 88 சென்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. வைப்புத்தொகை முழுவதும் கிடைக்கும் என்று ஞாயிறன்று அமெரிக்க அதிகாரிகள் அறிவித்த பிறகுதான் மூச்சு வந்தது, திங்கள்கிழமை பழைய இடத்துக்குத் திரும்பியது. அந்த இரண்டு நாளும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வியைத் தாங்குகிற சொல்தான் வேண்டும் என்பது என் கட்சி. என் பரிந்துரை ஈட்டுக்காசு. ஈடு என்றால் சமம், ஈடு என்றால் அடகுப்பொருளும்கூட. ஒரு டாலருக்குச் சமம் என்பதும், அதற்காக ஒரு டாலர் பெறுமானம் எங்கோ ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ‘ஈட்டிய காசு’ என்று குழம்புவார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஈட்டுக்கடன் என்பதைச் சம்பாதித்த கடன் என்று யாரும் படிப்பதில்லை, வல்லினம் மிகுந்தால் போதும், வேறுபாடு தெரியும். டெர்ரா மாதிரியானவற்றுக்கு ஈடு கிடையாது, அவற்றை ‘ஈடற்ற காசு’ என்று எழுதப் போனால் நிகரில்லாத காசு என்று பொருள் வந்து தொலைக்கும். விற்றவர்கள் அப்படித்தான் விளம்பரம் செய்தார்கள் என்பது வேறு கதை. ‘ஈடில்லாக் காசு’ என்றாலும் அதே சிக்கல். ‘சூத்திரக்காசு’ என்று பிரித்துவிடலாம்.

> இவ்வளவு நுணுக்கம் பொதுவாசகருக்குத் தேவையா?

தேவை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உலகப் பொருளாதாரத்தில் இது கிளப்புகிற சிக்கல் முழுக்க ஈட்டில்தான் இருக்கிறது. இப்போது புழங்குகிற ஈட்டுக்காசுகள் கிட்டத்தட்ட எல்லாமே டாலரைச் சார்ந்தவை, அவற்றின் ஈட்டில் பெரும்பங்கு அமெரிக்க அரசின் குறுகியகாலக் கடன்பத்திரங்கள், இப்படிக் காசு வெளியிடும் டெதர் நிறுவனம் ஒன்றே 10,000 கோடி டாலருக்கு மேல் வைத்திருப்பதாகக் கணக்குக் காட்டுகிறது. 2025 ஜூலையில் அமெரிக்கா போட்ட ஜீனியஸ் சட்டமும் ரொக்கம், குறுகியகாலப் பத்திரம் போன்றவற்றையே முழு ஈடாக வைக்கச் சொல்கிறது, வெளியிடுபவர் வட்டி கொடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆக, அர்ஜென்டினாவிலோ துருக்கியிலோ சொந்த நாட்டுப் பணம் தேய்கிறதே என்று ஒருவர் கைபேசியில் கொஞ்சம் ஈட்டுக்காசு வாங்கினால், அவர் தனக்குத் தெரியாமலே அமெரிக்க அரசுக்குக் கடன் கொடுக்க உதவுகிறார், அதற்கான வட்டி அவருக்கு வராமல் நடுவில் இருக்கிற நிறுவனத்துக்குப் போகிறது. அப்படிப் பலர் போனால் அந்த நாட்டு மைய வங்கி வட்டியை ஏற்றினாலும் இறக்கினாலும் கேட்க ஆள் குறைந்துவிடும். லாபமே இல்லை என்று சொல்லவில்லை. 200 டாலரை நாடு கடந்து அனுப்ப சராசரியாக 6 விழுக்காட்டுக்கு மேல் செலவாகிறது என்பது உலக வங்கிக் கணக்கு, அதைக் குறைக்க இதனால் முடியும், கடைசியில் உள்ளூர்ப் பணமாக மாற்றும் இடத்தில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டத்தையும் பாருங்கள். விதிகளில் ஸ்டேபிள்காயின் என்று பெயர் வைக்காமல், சொத்துகளைச் சார்ந்த வில்லை, மின்பண வில்லை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், ‘நிலை’ என்ற வாக்கு அவர்கள் வைத்த பெயர்களிலும் இல்லை.

இந்த இழையில் வந்த ‘மின்னுண்டியல்’ என்ற பரிந்துரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வணிகர்கள் ஊர்விட்டு ஊர் பணம் மாற்றிய பழைய உண்டியல்தானே இது! ஆனால் இன்று காதில் விழுவது சில்லறை போடும் பெட்டி, இல்லையென்றால் கணக்கில் வராத பணம். மனமில்லாமல் கைவிடுகிறேன்.

பஹாமாசின் சாண்ட் டாலர், நைஜீரியாவின் இ-நைரா, சீனாவின் மின்யுவான் இவற்றை இந்த இழையில் கலக்க வேண்டாம். அவை அந்தந்த நாட்டு மைய வங்கி கொண்டுவந்தவை, அவற்றுக்கு ‘மைய வங்கி மின்பணம்’ போதும்.

ஒன்று பாக்கி. காசை டாலரோடு கட்டி வைப்பதற்கு வினைச்சொல் வேண்டும். மாட்டைக் கட்டுவதுபோல ‘முளையடித்தல்’ என்றும், விலை பிய்த்துக்கொண்டு போவதை ‘முளை பிடுங்குதல்’ என்றும் எழுதிப் பார்த்தேன், எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு உறுத்துகிறதா? அதற்குத் தனி இழை திறக்கட்டுமா, இங்கேயே பேசிவிடலாமா?