பாப்பாவுக்கு அலமேலு என்று பெயர் வைக்கிறோம், வீட்டில் எப்படிக் கூப்பிடலாம்?

தூக்கமில்லாதவள் கேட்டது:

பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. பெயர் முடிவாகிவிட்டது, அலமேலு. என் அம்மாவழிப் பாட்டியின் பெயர். என்னைப் பாதி வளர்த்தது அவர்தான், அதனால் மாற்றுகிற எண்ணம் இல்லை. "யாழினி வைக்கலாமே" என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அதைச் சொல்ல வீட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

பிரச்சினை என்னவென்றால் கூப்பிட வாய் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிற குழந்தையைத் தோளில் போட்டு "அலமேலு, அலமேலு" என்று தட்டிக்கொடுத்தால் பாட்டியையே தாலாட்டுகிற மாதிரி இருக்கிறது, நானே சிரித்துவிடுகிறேன். இப்போதைக்குப் பாப்பா, குட்டி, தங்கம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஓட்டுகிறோம். நாத்தனார், "வைக்கிறதுதான் கிழவி பெயர், செல்லப் பெயராவது ஸ்டைலா இருக்கட்டும், அலர்னு கூப்பிடுங்க அண்ணி" என்கிறாள். கணவருக்கு அம்மு. பொது இடத்தில் அம்மு என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும், அதுதான் யோசனை. எனக்கு அலமு பிடிக்கும், ஆனால் அது பாட்டியையே எல்லாரும் கூப்பிட்ட பெயர். தம்பி மேலு என்கிறான், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பழைய பெயரோடு வளர்ந்தவர்கள், பிள்ளைக்கு வைத்தவர்கள், கொஞ்சம் சொல்லுங்கள்.

விசு:

நான் விசாலாட்சி. அகன்ற கண்ணுடையவள் என்று அர்த்தம், கண்ணாடி போடாமல் எதிரே வருகிற ஆள் தெரியாது, அது வேறு கதை. நாலாவது படிக்கும்போது ஒரு டீச்சர் வருகைப் பதிவேட்டில் என் பெயரைப் படித்துவிட்டு, "விசாலமா உட்காராதே, பக்கத்துல இருக்கிறவளுக்கும் இடம் விடு" என்றார். வகுப்பே சிரித்தது. அதிலிருந்து பதினைந்து வயது வரைக்கும் அந்தப் பெயரைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. விசு மட்டும் இல்லையென்றால் என்ன செய்திருப்பேனோ.

அப்புறம் முதல் வேலையில் சேர்ந்தபோது அந்தப் பிரிவில் மூன்று பிரியா, இரண்டு திவ்யா. விசாலாட்சி நான் ஒருத்திதான். இரண்டாம் நாளே எல்லாருக்கும் என் பெயர் பாடம். அப்போதுதான் பாட்டி பெயர் மேல் ஒரு மரியாதை வந்தது, கொஞ்சம் தாமதம்தான்.

எனக்குத் தெரிந்த ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. செல்லப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், முழுப் பெயரையும் வீட்டில் பழக்கத்தில் வையுங்கள். எங்கள் அம்மாவுக்கு நான் என்றைக்கும் விசு, கோபம் வந்தால் மட்டும் விசாலாட்சி. அதனால் முழுப் பெயர் காதில் விழுந்தாலே முதுகு தானாக நிமிரும், இன்று வரைக்கும், வங்கியில் டோக்கனுக்குக் கூப்பிட்டால்கூட. திட்டுவதற்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அரைப்புள்ளி:

அலர் வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். அலர் என்றால் மலர்ந்த பூ, சரி. ஆனால் சங்கப் பாட்டில் அலர் என்பது ஊர்வாயில் விழுந்த காதல் வம்பு. இரண்டு பேர் பழகுவதை நாலு பேர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரே பகிரங்கமாகப் பேசினால் அலர். திருக்குறளில் 115ஆவது அதிகாரத்தின் பெயரே அலரறிவுறுத்தல்தான், காமத்துப்பாலில். பாடம் நடக்கிற அன்று வகுப்பில் அலர் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் பையன்கள் சும்மா விடுவார்களா?

உண்மையில் அலமேலு என்பதே ஒரு சுருக்கம். அலர்மேல் மங்கை, அதாவது தாமரைப் பூவின் மேல் இருக்கிற திருமகள். நம்மாழ்வார் திருவாய்மொழியில் முழுதாக அப்படியே சொல்கிறார். அது பேச்சில் தேய்ந்து அலமேலு ஆனபோது என்ன நடந்திருக்கிறது பாருங்கள், பூ இருக்கிறது, மேலே என்பதும் இருக்கிறது, அதில் உட்கார்ந்திருக்கிறவளைத்தான் காணோம்! அந்த விட்டுப்போன மங்கையை எடுத்துச் செல்லப் பெயராக வைத்துக்கொள்ளலாமே. பெண்ணின் ஏழு பருவக் கணக்கில் மங்கைக்கு வயது 12, 13 என்பார்கள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, பரவாயில்லை.

ஓசையையும் பார்க்க வேண்டும். ருக்மிணி ருக்கு, ஜானகி ஜானு, கோமதி கோமு, சரஸ்வதி சரசு, லட்சுமி லச்சு. பெயர் எத்தனை நீளமாக இருந்தாலும் நம் வாய் அதை இரண்டு மூன்று எழுத்துக்கு வெட்டி, கடைசியில் ஒரு உகரத்தைப் போட்டு முடிக்கிறது. ராஜி, விஜி மாதிரி இகரத்தில் முடிகிறதும் உண்டு. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, இழுத்துக் கூப்பிட வசதி. மாடியிலிருந்து "கோமூஊஊ" என்று கூப்பிடலாம். அலர் என்று இழுத்துப் பாருங்கள், கடைசி ர் வந்து முட்டி நின்றுவிடும்.

நேராகச் சொல்பவன்:

மங்கை என்று கூப்பிட்டால் பள்ளிக்கூடம் போன முதல் வாரத்தில் மாங்காய் ஆகிவிடும். அரைப்புள்ளி சாருக்குப் பிள்ளைகளோடு பழக்கம் இல்லை போல.

எனக்கு இந்தக் கமிட்டி வேலையே பிடிக்கவில்லை. செல்லப் பெயரை உட்கார்ந்து தேர்ந்தெடுக்க முடியாது, அதுவாக ஒட்ட வேண்டும். எலிசபெத் ராணிக்கு வீட்டில் லிலிபெட் என்று பெயர், குழந்தையாக இருந்தபோது தன் பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் அவரே உளறியது. 2021இல் பிறந்த கொள்ளுப்பேத்திக்கு அதையே பெயராக வைத்தார்கள். எந்தக் கமிட்டியும் அதை யோசித்திருக்காது. உங்கள் பெண்ணும் இரண்டு வயதில் அயமேயு என்றோ அம்மேயு என்றோ எதையாவது சொல்வாள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பெரிய பையனுக்கு ரிஷி என்று செல்லப் பெயர் வைத்தோம், முழுப் பெயருக்கு ஏற்ற மாதிரி, ரொம்ப யோசித்து. அவனை எல்லாரும் கூப்பிடுவது டுப்பு. ஏன் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அரைப்புள்ளி:

மாங்காயை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதுவாக ஒட்ட வேண்டும் என்பதும் சரிதான், ஆனால் ஒட்டினால் எவ்வளவு கெட்டியாக ஒட்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இல்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு வீட்டில் குஞ்சம்மா. அது வீட்டோடு நின்றது, மேடைக்கு வரவில்லை. 1919இல் பிறந்த பாடகி டி.கே.பட்டம்மாளுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? உங்கள் அலமேலுவேதான். பட்டா என்று செல்லமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, உலகத்துக்கே அவர் பட்டம்மாள் ஆகிவிட்டார். ஆகவே எதைக் கூப்பிடுவதாக இருந்தாலும், அறுபது வயதில் அவள் பெயராகவே அது இருந்தாலும் பரவாயில்லையா என்று ஒரு தடவை யோசியுங்கள். டுப்புவுக்கும் இது பொருந்தும்.

விசு:

டுப்புவை நினைத்துக் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். தங்கச்சி, பாட்டியின் செல்லப் பெயரையே வைப்பதில் என்ன தயக்கம்? முழுப் பெயரை எடுத்துக்கொண்டீர்கள், கூடவே வருகிறதை மட்டும் வாசலில் நிறுத்துவானேன்.

தூக்கமில்லாதவள்:

எல்லாருக்கும் நன்றி, ஒரு கையால் தட்டுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். அலர் கதையை நாத்தனாரிடம் சொன்னேன், "சரி அண்ணி, வேண்டாம்" என்று உடனே விட்டுவிட்டாள்.

தயக்கம் எனக்காக இல்லை, அம்மாவுக்காக. பாட்டி போய் ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பேத்தியை அந்தப் பெயரில் கூப்பிட்டால் அம்மா தாங்குவாரா என்று கேட்கவும் தைரியம் இல்லாமல் இருந்தேன். இன்று காலை குளிப்பாட்டித் துடைக்கும்போது, அரைப்புள்ளி சார் சொன்ன மாதிரி இழுத்துத்தான் பார்ப்போமே என்று, "அலமூஊ" என்றேன். பாப்பா கண்ணைச் சுருக்கிக் கொட்டாவி விட்டாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா குரல் மட்டும் வந்தது: "அவ்வளவு இழுக்காதே. உங்க தாத்தா கடைசியில வெட்டிடுவார்."

இப்போது உள்ளே பாப்பாவை அம்மாதான் வைத்துக்கொண்டிருக்கிறார், அலமு அலமு என்று வெட்டி வெட்டி. தம்பி மட்டும் மேலுவை விடுவதாக இல்லை.