மறு: 'நாக்டவுன் ரெசிஸ்டன்ஸ்' – தமிழில் எப்படிச் சொல்வது?

> பூச்சிக்கொல்லித் தடுப்பாற்றல் என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். பூச்சிக்கொல்லி பட்டும் ஈ, கொசு போன்றவை விழாமல் தாக்குப்பிடிப்பதைத்தான் ஆங்கிலத்தில் 'நாக்டவுன் ரெசிஸ்டன்ஸ்' என்கிறார்கள்.

தடுப்பாற்றல் என்றதும் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். ஒரே ஈ மருந்து பட்டுப் பட்டுத் தேறிவிட்டது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். நடப்பது வேறு. நரம்பில் ஏற்கெனவே மாற்றம் உள்ள சில ஈக்கள் பிழைக்கின்றன. அடுத்தடுத்த தலைமுறைகளில் அவற்றின் வம்சமே பெருகுகிறது.

நரம்பில் துடிப்பு ஓடும்போது, நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வழியான சோடியக் கால்வாய் கணப்பொழுது திறந்து மூடிக்கொள்ள வேண்டும். டிடிடி, பைரித்ராய்டு ஆகிய பூச்சிக்கொல்லிகள் அதில் ஒட்டிக்கொண்டு மூடவிடுவதில்லை. நரம்பு ஓயாமல் துடிக்க, ஈ மல்லாந்து விழுந்து, காலை உதறிக்கொண்டு, ரீங்கரித்தபடி தரையில் சுற்றும். வீட்டில் ஸ்ப்ரே அடித்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அது இன்னும் சாகவில்லை. மருந்து போதாவிட்டால் எழுந்து பறந்தும் விடும். அந்த விழுதலுக்குத்தான் நாக்டவுன் என்று பெயர். அதனால் 'சாகாமை' பொருந்தாது.

என் பரிந்துரை 'வீழாமை'. வீழாமை மரபணு, வீழாமை மாற்றம் என்று சிரமமில்லாமல் நீளும். வீட்டு ஈயின் கால்வாய்ப் புரதத்தில் 1014ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் போய் பினைல்அலனின் வந்தால் வீழாமை. அதோடு 918ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் திரியோனினும் வந்துவிட்டால் எதிர்ப்பு பல மடங்காகும். ஆங்கிலத்தில் 'சூப்பர்' எனப்படும் அந்த வகையைக் 'கடுவீழாமை' எனலாம். 'மீவீழாமை' நாவில் தட்டுகிறது.

இழையில் வந்த 'நரம்பு எதிர்ப்பு' ரொம்பவும் அகலம். ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகையும் நரம்பைத்தான் தாக்குகிறது, ஆனால் அதன் இலக்கு சோடியக் கால்வாய் இல்லை, ஒரு நொதி. இலக்கே மாறிப்போகும் எல்லா வகைக்கும் பொதுவாக 'இலக்கிட எதிர்ப்பு' இருக்கட்டும். வீழாமை அதற்குள் ஒரு வகை. பூச்சி மருந்தை உடைத்துத் தள்ளும் வகைக்குச் 'சிதைப்பு எதிர்ப்பு' சரியாக இருக்கும்.

இந்தப் பிரிவினை ஏட்டுக்கு மட்டுமானது இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் காம்பியே கொசுவிலும் இதே 1014ஆம் இடத்து மாற்றம் உண்டு. பைரித்ராய்டோடு பைபரோனில் பியூடாக்சைடு என்ற துணைப்பொருளும் சேர்த்த கொசுவலை, மருந்தைச் சிதைக்கும் நொதிகளை முடக்கும். மாறிப்போன கால்வாயை அதனால் பழையபடி ஆக்க முடியாது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எந்த வலை எங்கே எடுபடும் என்பதைத் தமிழில் விளக்கவே முடியாமல் போய்விடும்.

அப்புறம், மருந்து பட்டுப் பூச்சி விழ ஆகும் நேரத்துக்கு 'வீழ்நேரம்' என்று போடலாமா? மறுப்பு இல்லையென்றால் எல்லாவற்றையும் சேர்த்தே விக்சனரியில் ஏற்றிவிடலாம்.