மறு: நியூட்ரியன்ட் சென்சிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். செல் தனக்குக் கிடைக்கும் ஊட்டத்தின் அளவை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்வதுதான் நியூட்ரியன்ட் சென்சிங். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

> "சத்துணர்வு" என்று வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணில் அது "சத்துணவு" என்றே படும். உணவும் மூளையின் மூப்பும் பற்றிய கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும். அச்சுப்பிழை என்று நினைத்து யாராவது திருத்தியும் விடுவார்கள். தவிர, உணர்வு என்றதும் மனம் சார்ந்த எதையோ சொல்கிறோம் என்று தோன்றும்.

> அப்படியானால் "சத்தறிகை"?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைவு, சிந்தனை முதலிய மூளைத்திறன்களைக் குறிக்கும் காக்னிஷன் என்பதற்கு "அறிகை" பலரிடம் புழங்கிவிட்டது. "சத்தறிகை கெட்டால் அறிகை குறையும்" என்று எழுதினால் வாசகர் பாடு திண்டாட்டம்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களில் லியூசின் ஒன்று. அது செஸ்ட்ரின்2 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டால், செல்லின் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்ற நொதியின் மீது இருந்த தடை விலகுகிறது. எம்டார் முடுக்கம் பெற்றதும் செல் புதிய புரதங்களைக் கட்டுகிறது. பழசைச் சிதைத்துத் துப்புரவு செய்யும் தன்னுண்ணல் அடங்குகிறது. நரம்பணுவுக்கு இரண்டும் வேண்டும். நினைவு பதியப் புதுப் புரதம் தேவை. ஆனால் நரம்பணு பிரிந்து பெருகுவதில்லை, எனவே சேர்ந்த குப்பையைப் பங்கிட்டுக் குறைக்கவும் வழியில்லை. துப்புரவு நடந்தே ஆக வேண்டும்.

இன்னொரு பக்கம் ஏஎம்பிகே என்ற நொதி. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்து, அது செலவானபின் மிஞ்சும் ஏஎம்பி கூடும்போது அது விழித்துக்கொள்கிறது. அதாவது, அது உணர்வது சத்தை அல்ல, தட்டுப்பாட்டை. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே தட்டுப்பாட்டை அறிவது சாதாரண வேலை இல்லை.

ஆகவே "சத்து" என்று தொடங்கும் எந்தச் சொல்லும் பாதியைத்தான் சொல்லும். என் பரிந்துரை: ஊட்டநிலை உணர்தல். இருப்பு, இல்லாமை இரண்டும் "நிலை"க்குள் அடங்கும். சென்சாருக்கு "உணரி" ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், செஸ்ட்ரின்2-ஐ லியூசின் உணரி என்று சொல்லிவிடலாம்.

அப்புறம், கட்டுப்பாடு தவறியதைக் குறிக்கும் "டிரெகுலேட்டட்". மூப்பின் அடையாளங்கள் என்று 2013-இல் ஆய்வாளர்கள் 9 கூறுகளைப் பட்டியலிட்டார்கள். 2023-இல் அது 12 ஆனது. இரண்டு பட்டியலிலும் இந்த "டிரெகுலேட்டட் நியூட்ரியன்ட் சென்சிங்" உண்டு. "சீர்குலைந்த" என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் இங்கே எதுவும் உடைந்து கிடக்கவில்லை. நினைவு பதிய உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் இன்சுலின் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. வயது கூடும்போது இன்சுலினுக்கு மூளை காட்டும் மறுவினை மந்தமாகலாம். எம்டாரோ அடங்க வேண்டிய நேரத்திலும் அடங்காமல் ஓடலாம். ஒன்று குறைவு, ஒன்று மிகுதி. "பிறழ்ந்த" என்றால் மரபணுப் பிறழ்வோடு குழம்பும். "ஒழுங்கு தப்பிய" சரியாக வரும் என்று நினைக்கிறேன். நீளம்தான், இருக்கட்டும்.

செல்லுக்குள் செய்தி போய்ச் சேர்வதைக் குறிக்கும் சிக்னலிங்கில் பெரிய சண்டை வேண்டாம். சமிக்ஞையா குறிகையா என்றால் என் வாக்கு குறிகைக்கு. "கடத்தல்" மட்டும் வேண்டாம். நரம்பியக்கடத்தியிலும் மின்கடத்தலிலும் அது ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

"முதிர்ந்த மூளையில் ஊட்டநிலை உணர்தல் ஒழுங்கு தப்பும்போது இன்சுலின் குறிகைத்தொடர் மந்தமாகிறது; உண்ணும் அளவைக் குறைத்த எலிகளில் எம்டார் அடங்கி, தன்னுண்ணல் கூடுகிறது."

படிக்க இடறவில்லை. ஒன்றை ஒன்று தூண்டும் வினைகளின் தொடரான பாத்வே சேர்ந்து வரும் இடத்தில் "ஊட்டநிலை உணர்தொடர்" என்று வினைத்தொகையாக்கலாமா என்று ஒரு யோசனை. இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். மற்றவற்றுக்கு மறுப்பு இல்லையென்றால் இவற்றையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.